தாய் டேபிளுக்கு அனலைஸ் ஓட்டுவது யார்? போஸ்ட்கிரெஸ் 14இல் வந்து திரும்பிப்போன ஒரு வசதி

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பார்ட்டிஷன் செய்த, அதாவது துண்டுகளாகப் பிரித்த டேபிள் வைத்திருக்கிற பலருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. ஆட்டோவேக்கம் என்ற பராமரிப்பு வேலை பின்னணியில் ஓடுகிறது, டேபிளின் புள்ளிவிவரத்தைச் சேகரிக்கிற அனலைஸையும் அதுவே பார்த்துக்கொள்ளும், அதனால் குவெரியை எப்படி ஓட்டுவது என்று திட்டம் போடுகிற பிளானர் பார்க்கிற புள்ளிவிவரம் எப்போதும் ஓரளவு புதிதாகவே இருக்கும். இதில் பாதிதான் உண்மை. மாதவாரியாகப் பிரித்த ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஆட்டோவேக்கம் அனலைஸ் ஓட்டுகிறது, சாதாரண டேபிளுக்கு ஓட்டுவது போலவே. ஆனால் அந்தப் பார்ட்டிஷன்களுக்கு மேலே இருக்கிற தாய் டேபிளை அது தொடுவதே இல்லை. 2017இல் பதிப்பு 10 வழியாக இப்போதைய பார்ட்டிஷன் முறை வந்தது, 2025 செப்டம்பரில் பதிப்பு 18 வெளியானது, இத்தனை பதிப்புகளிலும் இதுதான் நிலை. போஸ்ட்கிரெஸின் சொந்த ஆவணமே இதை ஒளிக்காமல் சொல்கிறது: தாய் டேபிளுக்கு நீங்கள்தான் அவ்வப்போது அனலைஸ் ஓட்ட வேண்டும்.

நடுவில் ஒரு முறை இது சரியாகிவிடும் போலிருந்தது. 2021 ஏப்ரலில் இதற்கான திருத்தம் பதிப்பு 14இன் மூலநிரலில் சேர்ந்தது, பீட்டாக்களிலும் இருந்தது, ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்று புரிந்துகொண்டால் நம் சொந்த சர்வரில் இந்த வேலையை எப்படி அமைப்பது என்பதும் பெருமளவு தெளிவாகிவிடும். அதனால்தான் அந்த நிகழ்வை முழுதாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடலாம்

தாய் டேபிளில் தரவே கிடையாது, எல்லா வரிசைகளும் பார்ட்டிஷன்களில்தான் இருக்கின்றன. அப்படியானால் தாய்க்கு எதற்குத் தனியாகப் புள்ளிவிவரம் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். பதில் பிளானர் எதை எங்கே பார்க்கிறது என்பதில் இருக்கிறது.

ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். மின்மீட்டர் அளவீடுகள் டேபிள் ஒன்று, 12 மாதப் பார்ட்டிஷன்கள், மாதத்துக்கு 10 லட்சம் வரிசை, ஆக 1.2 கோடி. மீட்டர்கள் 50,000, அதாவது மீட்டருக்கு மாதம் 20 அளவீடு. பக்கத்தில் ரசீதுகள் டேபிள், அதுவும் மாதவாரியாகப் பிரிந்தது, மீட்டருக்கு மாதம் ஒரு ரசீது, ஆக மாதத்துக்கு 50,000 வரிசை. எண்களை வரிசையாக உருவாக்கித் தருகிற ஜெனரேட் சீரிஸ் வைத்து இதை உங்கள் மடிக்கணினியிலேயே சீக்கிரம் உருவாக்கிப் பார்க்கலாம், பார்க்கவும் சொல்கிறேன், ஏனென்றால் பிளானரின் திட்டத்தைக் காட்டுகிற எக்ஸ்ப்ளெயினில் அந்த எண்களை நேரில் பார்த்தால்தான் இது மனதில் நிற்கும்.

தரவை ஏற்றிவிட்டு ஆட்டோவேக்கம் எல்லாப் பார்ட்டிஷனையும் ஒரு சுற்று முடிக்கும்வரை காத்திருங்கள். இப்போது குறிப்பிட்ட ஒரு மீட்டர் எண்ணைக் கொடுத்து, அளவீடுகளை மட்டும் எடுக்கிற குவெரியை எக்ஸ்ப்ளெயினில் போட்டால் மதிப்பீடு கிட்டத்தட்டச் சரியாக வரும். வேர் கண்டிஷன் பார்ட்டிஷன் பார்ட்டிஷனாக, அந்தந்தப் பார்ட்டிஷனின் சொந்தப் புள்ளிவிவரத்தை வைத்து மதிப்பிடப்பட்டு, பிறகு கூட்டப்படுகிறது. இங்கே தாய்க்கு வேலையே இல்லை. இந்த ஒரு காரணத்தால்தான் இந்தப் பிரச்சினை பல மாதம் கண்ணில் படாமல் இருக்கிறது: எளிய குவெரிகள் எல்லாம் நன்றாகவே ஓடும்.

அடுத்து மீட்டர் எண்ணால் குரூப் பை போடுங்கள், அதாவது ஒரே மீட்டரின் வரிசைகளை ஒரு குழுவாக்குங்கள். எத்தனை குழு வரும் என்று பிளானர் தாய் டேபிளின் புள்ளிவிவரத்தில் தேடுகிறது. அங்கே எதுவும் இல்லை. ஒன்றுமே தெரியாதபோது எடுத்துக்கொள்ள போஸ்ட்கிரெஸின் நிரலிலேயே ஒரு எண் எழுதி வைத்திருக்கிறது, அது 200. ஆக 50,000 குழு வரப்போகிற இடத்தில் 200 என்று நினைத்துத் திட்டம் போடுகிறது. உடனே குழுக்களை எல்லாம் நினைவகத்தில் வைத்துக் கணக்கிடுகிற ஹாஷ் அக்ரிகேட்டைத் தேர்ந்தெடுக்கும், 200 குழுவுக்கு நினைவகம் தாராளம்தானே. பதிப்பு 13க்கு முன்னால் இந்த ஹாஷ் டேபிள் வொர்க் மெம் என்ற நினைவக வரம்பைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும், நினைவகம் தீர்ந்து சர்வர் விழுகிற அளவுக்கும் போகலாம். 13 முதல் வட்டுக்கு வழிகிறது, விழாது, ஆனால் மெதுவாகும். இந்தக் குழுக்களோடு இன்னொரு டேபிளை ஜாயின் செய்திருந்தால் இன்னும் மோசம், 200 முறைதானே என்று, ஒவ்வொரு வரிசைக்கும் எதிர் டேபிளைத் தேடிப்போகிற நெஸ்டட் லூப் போட்டுவிட்டு அது 50,000 முறை சுற்றும்.

ஜாயினில் தவறு எதிர்ப்பக்கம் போகிறது. ஒரு மாதத்து அளவீடுகளையும் அதே மாதத்து ரசீதுகளையும் மீட்டர் எண்ணால் இணைக்கிறோம். உண்மையில் வர வேண்டியது 10 லட்சம் வரிசை. இரண்டு பக்கமும் தாய்க்குப் புள்ளிவிவரம் இல்லாததால் இரண்டு பக்கமும் 200 வேறுபட்ட மதிப்பு என்று எடுத்துக்கொண்டு, 10 லட்சத்தை 50 ஆயிரத்தால் பெருக்கி 200ஆல் வகுக்கிறது. 25 கோடி. 250 மடங்கு அதிகம். ஒரே ஒரு பார்ட்டிஷனைத்தான் படிக்கப்போகிறோம், அந்தப் பார்ட்டிஷனுக்குப் புள்ளிவிவரம் சுத்தமாக இருக்கிறது, இருந்தும் இப்படி. குவெரி தாயின் பெயரைச் சொல்லிக் கேட்டதால் ஜாயின் கணக்கும் தாயிடமே போகிறது. பார்ட்டிஷன் பெயரை நேரடியாகக் கொடுத்து அதே ஜாயினைப் போட்டால் மதிப்பீடு சரியாகிவிடும். டேட்டாபேஸ் நிர்வாகி அப்படிச் சோதித்துப் பார்த்து எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்வதும், டெவலப்பர் எனக்கு இன்னும் மெதுவாகத்தான் ஓடுகிறது என்று சொல்வதும் இதனால்தான். இரண்டு பேரும் சொல்வது உண்மை.

25 கோடி என்று நம்பிவிட்ட பிளானர் அதற்கு மேலே வருகிற ஒவ்வொரு முடிவையும் அந்த அளவுக்கே எடுக்கும். அடுத்து இணைக்கிற டேபிளை இண்டெக்ஸ் வழியாகத் தேடாமல் முழுதாகப் படிக்கும். செலவு மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால், குவெரியை இயந்திர மொழிக்கு மாற்றுகிற ஜிட் கம்பைலேஷனும் கிளம்பிவிடும், பதிப்பு 12 முதல் அது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது. சின்ன அறிக்கைக் குவெரி ஒன்று ஓடுவதைவிடத் தன்னைக் கம்பைல் செய்துகொள்ளவே அதிக நேரம் எடுப்பதைப் பார்த்தால் ஜிட்டை அணைக்கச் சொல்லி உடனே ஆலோசனை வரும். அதற்கு முன்னால் தாய்க்குப் புள்ளிவிவரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்ப்பது எளிது. பிஜி_ஸ்டாட்ஸ் என்ற வியூவில் இன்ஹெரிட்டட் என்று ஒரு நெடுவரிசை உண்டு. உங்கள் தாய் டேபிளின் பெயருக்கு, அது ட்ரூ என்று இருக்கிற வரிசைகள் வருகிறதா என்று பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் இன்றுவரை அந்தத் தாய்க்கு யாரும் அனலைஸ் ஓட்டவில்லை.

பிள்ளைகளிடமிருந்து கூட்டிக்கொள்ளக் கூடாதா

இது எனக்குப் பிடித்த கேள்வி, இதில்தான் விஷயத்தின் சாரமே இருக்கிறது. 12 பார்ட்டிஷனுக்கும் புள்ளிவிவரம் இருக்கிறது, தாய்க்கு வேண்டியதை அதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியதுதானே?

வரிசை எண்ணிக்கையைக் கூட்டலாம், கூட்டவும் செய்கிறது. நல் (null, அதாவது காலி) மதிப்புகளின் விகிதத்தைச் சராசரி எடுக்கலாம். ஆனால் வேறுபட்ட மதிப்புகள் எத்தனை என்பதைக் கூட்ட முடியாது. 12 மாதங்களிலும் ஒவ்வொன்றிலும் 50,000 வேறுபட்ட மீட்டர் எண் இருக்கிறது என்றால் மொத்தம் 50,000ஆ, 6 லட்சமா? மீட்டர் எண் என்றால் அதே 50,000, ரசீது எண் என்றால் 6 லட்சம், வாடிக்கையாளர்கள் வந்து போகிற தொழில் என்றால் நடுவில் எங்கேயோ. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் சேமித்து வைத்திருக்கிற ஒற்றை எண்ணிலிருந்து இதைப் பிரித்தறிய வழியே இல்லை.

ஆரக்கிள் இதற்கு வேறு வழி எடுத்தது. 11ஜி பதிப்பிலிருந்து இன்கிரிமென்டல் புள்ளிவிவரம் என்று ஒன்று உண்டு: ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் வேறுபட்ட மதிப்புகளின் எண்ணிக்கையை மட்டும் வைக்காமல், சினாப்சிஸ் என்ற சுருக்கக் குறிப்பையும் வைத்துக்கொள்கிறது. சினாப்சிஸ்களை ஒன்றோடொன்று சேர்க்க முடியும், சேர்த்தால் மொத்த டேபிளுக்கான எண்ணிக்கை கிடைக்கும். 12.2 பதிப்பிலிருந்து அதற்கு ஹைப்பர்லாக்லாக் என்ற தோராயமாக எண்ணுகிற முறையும் வந்தது. மாறாத பார்ட்டிஷன்களைத் திரும்பப் படிக்கவே வேண்டாம். போஸ்ட்கிரெஸில் அப்படி எதுவும் இல்லை. தாய்க்குப் புள்ளிவிவரம் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் எல்லாப் பார்ட்டிஷன்களிலிருந்தும் புதிதாக மாதிரி எடுத்தாக வேண்டும். தாயின் புள்ளிவிவரம் தனிச் செலவு, அந்தச் செலவை எப்போது செய்வது என்று யாராவது முடிவெடுக்க வேண்டும். 14இல் முயன்றது அந்த முடிவைத் தானியங்கியாக்கத்தான்.

ஏப்ரலில் வந்தது, ஆகஸ்டில் போனது

சாதாரண டேபிளுக்கு ஆட்டோவேக்கம் எப்படி முடிவெடுக்கிறது என்பதை ஞாபகப்படுத்திக்கொள்வோம். கடைசி அனலைஸுக்குப் பிறகு எத்தனை வரிசை சேர்ந்தது, மாறியது, அழிந்தது என்று ஒரு எண்ணிக்கை இருக்கிறது. அது 50 கூட்டல் டேபிளின் 10 சதவீதத்தைத் தாண்டினால் அனலைஸ். தாய் டேபிளில் எந்த வரிசையும் நேரடியாகச் சேர்வதில்லை, ஆகவே அதன் எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம், வரம்பைத் தாண்டப்போவதே இல்லை. பழைய இன்ஹெரிட்டன்ஸ் முறையில் பார்ட்டிஷன் செய்த காலத்திலும் இதே கதைதான்.

யுசுகோ ஹோசோயா எழுதி, போஸ்ட்கிரெஸ் மூலநிரலைப் பராமரிக்கிறவர்களில் ஒருவரான ஆல்வாரோ ஹெர்ரேரா 2021 ஏப்ரல் 8 அன்று சேர்த்த திருத்தத்தின் யோசனை நேரடியானது: பார்ட்டிஷனில் நடக்கிற மாற்றங்களின் எண்ணிக்கையை அதன் தாய்க்கும், தாயின் தாய்க்கும், மேலே இருக்கிற எல்லோருக்கும் ஏற்றிவிடுவது. அப்புறம் தாய்க்கும் அதே 10 சதவீதக் கணக்கு தானாகவே பொருந்தும்.

கேட்க எளிமையாக இருக்கிறது, செய்யும்போது ஒரு முடிச்சு. பார்ட்டிஷனுக்கு அனலைஸ் ஓடியதும் அதன் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும். தாய்க்கு எவ்வளவு சொல்லியாகிவிட்டது, இன்னும் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதைத் தனியாக நினைவில் வைக்காவிட்டால் சில மாற்றங்கள் இரண்டு முறை எண்ணப்படும், சில எண்ணப்படாமலே போகும். அதற்காக ஒவ்வொரு டேபிளின் கணக்கிலும் மேலே தெரிவித்தாகிவிட்ட எண்ணிக்கை என்று கூடுதலாக ஒரு புலம் சேர்த்தார்கள். ஆகஸ்டில் திருத்தத்தை எடுத்தபோதும், ஏற்கெனவே எழுதப்பட்ட புள்ளிவிவரக் கோப்புகளோடு பொருந்தாமல் போய்விடக் கூடாது என்று அந்தப் புலத்தை 14இல் மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள்.

இன்னொரு குறையும் அப்போதே தெரிந்திருந்தது. பார்ட்டிஷனை அட்டாச் செய்வது (தாயோடு ஒட்டுவது), டிட்டாச் செய்வது (பிரிப்பது), டிராப் செய்வது (அழிப்பது), இவை எதுவும் இந்த எண்ணிக்கையில் சேராது. ஒரு கோடி வரிசை உள்ள டேபிளை ஒரே கட்டளையில் கொண்டுவந்து ஒட்டினாலும் தாயின் மாற்ற எண்ணிக்கை நகராது. ஆவணத்தில் அதை எழுதி, பெரிய பார்ட்டிஷனைச் சேர்த்தாலோ நீக்கினாலோ நீங்களே அனலைஸ் ஓட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

ஜூலை கடைசியில் இன்னொரு போஸ்ட்கிரெஸ் டெவலப்பரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் இதன் செயல்திறன் பற்றிக் கேள்வி எழுப்பினார். ஆட்டோவேக்கம் இயல்பாக ஒரு டேட்டாபேஸை நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப்பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் அதன் மூதாதையர் யார் யார் என்று டேட்டாபேஸின் உள் பட்டியலான கேட்டலாகில் தேடி, அந்தப் பட்டியலை எண்ணிக்கைகளைச் சேர்த்து வைக்கிற ஸ்டாட்ஸ் கலெக்டருக்குச் செய்தியாக அனுப்ப வேண்டும். பத்து, ஐம்பது பார்ட்டிஷன் என்றால் இது ஒரு பொருட்டே இல்லை. பல ஆயிரம் பார்ட்டிஷன் வைத்திருக்கிறவர்களுக்கு, எதுவுமே மாறாத நாளில்கூட இந்தத் தேடலும் செய்திகளும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். பார்ட்டிஷன் அதிகம் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இந்த வசதி அதிகம் தேவை, அவர்களைத்தான் இது அதிகம் அடிக்கிறது.

மூன்றாவது பீட்டா ஆகஸ்ட் 12 அன்று வெளியாகியிருந்தது. ஆகஸ்ட் 16 அன்று ஹெர்ரேராவே திருத்தத்தையும் அதைச் சார்ந்த மாற்றங்களையும் திரும்ப எடுத்தார். பார்ட்டிஷன் அதிகமுள்ள டேட்டாபேஸ்களில் செயல்திறன் பிரச்சினை இருக்கிறது, சுலபமான தீர்வு தென்படவில்லை, பெரிய திருத்தம் செய்ய இந்தச் சுழற்சியில் நேரம் இல்லை, ஆகவே 14ஐப் பயன்படுத்துகிறவர்கள் தொடர்ந்து கையாலேயே அனலைஸ் ஓட்டிக்கொள்ள வேண்டும், 15இல் சரிசெய்யலாம் என்று நம்புவோம், இதுதான் அவர் பதிவுசெய்த காரணத்தின் சுருக்கம். 14 செப்டம்பர் 30 அன்று இந்த வசதி இல்லாமல் வெளியானது.

எனக்கு இந்த முடிவு சரியாகவே படுகிறது. வெளியீட்டுக்கு ஆறு வாரம் இருக்கும்போது எல்லோருடைய ஆட்டோவேக்கத்தையும் பாதிக்கக்கூடிய ஒன்றை, இத்தனை பேர் கேட்ட வசதியாயிற்றே என்று உள்ளே வைத்திருப்பதைவிட வெளியே எடுப்பதுதான் பொறுப்பான வேலை. வருத்தம் என்னவென்றால் அதற்குப் பிறகு 15, 16, 17, 18 என்று நான்கு பதிப்புகள் வந்துவிட்டன, இன்னும் திரும்ப வரவில்லை. 15இல் ஸ்டாட்ஸ் கலெக்டர் என்ற தனிச் செயல்முறையே ஒழிந்து, கணக்கெல்லாம் பகிர்வு நினைவகத்துக்கு வந்துவிட்டது, ஆகவே 2021இன் தடைகளில் செய்தி அனுப்புகிற பகுதி இன்று அதே வடிவில் இல்லை. இருந்தும் மூதாதையர் கணக்கு, அட்டாச் டிட்டாச் கணக்கு, ஆயிரக்கணக்கான பார்ட்டிஷனிலிருந்து மாதிரி எடுக்கிற செலவு, இவை அப்படியே நிற்கின்றன.

அப்படியானால் நாம் என்ன செய்வது

வாரா வாரம் ஞாயிறு இரவு அனலைஸ் ஓடட்டும் என்று, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுகிற கிரானில் போட்டுவிடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் இதைவிட நல்லது, பார்ட்டிஷனில் எதாவது நடக்கிற அந்த வேலையோடு அனலைஸைக் கட்டிவிடுவது. புதிய மாதத்தின் பார்ட்டிஷனை உருவாக்குகிற, பழையதை டிட்டாச் செய்கிற ஒரு ஸ்கிரிப்ட் எப்படியும் இருக்கும், மொத்தமாகத் தரவு ஏற்றுகிற ஒரு வேலையும் இருக்கும். அந்த வேலைகளின் கடைசி வரி தாய்க்கு அனலைஸ். 14இன் திருத்தம் கவனிக்காமல் விட்ட அட்டாச், டிட்டாச் நிகழ்வுகள் நமக்குத்தான் நேரடியாகத் தெரியும், ஏனென்றால் அவற்றைச் செய்வதே நாம்தான். காலிப் பார்ட்டிஷனை உருவாக்கிய உடனே ஓட்டிப் பயனில்லை, தரவு ஏறிய பிறகு ஓட்ட வேண்டும்.

நாள் முழுக்கச் சிறுகச் சிறுகத் தரவு சேர்கிற டேபிளுக்கு இது மட்டும் போதாது, எவ்வளவு மாறியது என்றும் பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது, 2021இல் அவர்கள் சந்தித்த அதே முடிச்சுதான். பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் வியூவில் கடைசி அனலைஸுக்குப் பிறகான மாற்றம் என்று ஒரு எண் இருக்கிறது, எல்லாப் பார்ட்டிஷனுக்கும் அதைக் கூட்டிவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது, ஆட்டோவேக்கம் ஒரு பார்ட்டிஷனுக்கு அனலைஸ் ஓட்டியதுமே அந்த எண் பூஜ்யமாகிவிடுகிறது, நிறைய மாறிய பார்ட்டிஷன்தான் முதலில் பூஜ்யமாகும். இன்செர்ட், அப்டேட், டெலீட் ஆகிய மூன்றின் மொத்த எண்ணிக்கைகள் அப்படிக் குறைவதில்லை. அவற்றைக் கூட்டி, கடைசியாகத் தாய்க்கு ஓட்டியபோது அந்தக் கூட்டல் என்னவாக இருந்தது என்று ஒரு சின்ன டேபிளில் எழுதி வைத்துக்கொண்டு, வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டுங்கள். சர்வர் கிராஷ் ஆனாலோ யாராவது எண்ணிக்கைகளை ரீசெட் செய்தாலோ, ஒரு பார்ட்டிஷன் டிராப் ஆனாலோ வித்தியாசம் எதிர்மறையாக வரும், வந்தால் கேள்வி கேட்காமல் ஓட்டிவிடுவதுதான் சரி.

10 சதவீதம் என்பது எல்லாருக்கும் பொருந்துமா? தாயின் புள்ளிவிவரம் முக்கியமாகப் பயன்படுவது குரூப் பையிலும் ஜாயினிலும் என்று பார்த்தோம், அதில் முக்கியமானது வேறுபட்ட மதிப்புகளின் எண்ணிக்கை. நம் மீட்டர் உதாரணத்தில் அது மாதக்கணக்கில் 50,000க்கு அருகிலேயே நிற்கும். ஒரு முறை சரியாக ஓட்டிவிட்டால் நீண்ட நாளைக்கு நல்ல திட்டமே வரும். எதுவுமே இல்லாத தாய்க்கும் மூன்று மாதப் பழைய புள்ளிவிவரம் உள்ள தாய்க்கும் இடையிலான வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். பழசுக்கும் புதுசுக்கும் இடையிலானது பல நேரம் சின்னது. தேதி நெடுவரிசையை வைத்தே ஜாயின் செய்கிறவர்கள், புதிய வாடிக்கையாளர் வேகமாகச் சேர்கிற தொழில் செய்கிறவர்கள், இவர்கள் மட்டும் அடிக்கடி ஓட்டட்டும்.

செலவுக் கணக்குக்கு வருவோம், பெரிய இடங்களில் தயங்குவது இதற்காகத்தான். இயல்பான ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டார்கெட் 100, மாதிரி அதைப்போல 300 மடங்கு, அதாவது 30,000 வரிசை. பெரிய டேபிளில் அதற்கு அதிகபட்சம் 30,000 பக்கங்களைப் படிக்கும், பக்கத்துக்கு 8 கேபி, ஆக சுமார் 234 எம்பி. தாய்க்கு எடுக்கும்போது இந்த 30,000 பார்ட்டிஷன்களுக்கு அவற்றின் அளவுக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது, ஆக தாய்க்கும் அதே 234 எம்பிதான். இது பெரிய செலவே இல்லை. ஆனால் 17 வரை தாய்க்கு அனலைஸ் என்று சொன்னால் அது தாயோடு நிற்காது, ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனித்தனியாக அனலைஸ் ஓட்டிவிட்டுத்தான் முடியும், ஆட்டோவேக்கம் அதை நேற்றே முடித்திருந்தாலும் சரி, மூன்று வருடமாக மாறாத பழைய பார்ட்டிஷனாக இருந்தாலும் சரி. தினசரிப் பார்ட்டிஷன் 365 வைத்திருந்தால் மோசமான நிலையில் சுமார் 84 ஜிபி படிக்க வேண்டியிருக்கும். வேண்டியது 234 எம்பி.

18இல் இதற்கு விடிவு வந்தது. அனலைஸ் கட்டளையில் ஒன்லி என்ற சொல்லைச் சேர்த்தால் தாய்க்கான மாதிரியை மட்டும் பார்ட்டிஷன்களிலிருந்து எடுத்துத் தாயின் புள்ளிவிவரத்தை எழுதிவிட்டு நின்றுவிடும். பார்ட்டிஷன்களின் சொந்தப் புள்ளிவிவரம் ஆட்டோவேக்கத்தின் பொறுப்பு, தாயுடையது நம் பொறுப்பு, என்று வேலை சுத்தமாகப் பிரிந்துவிடுகிறது. தானியங்கி வரவில்லை என்றாலும், பார்ட்டிஷன் அதிகம் உள்ளவர்கள் 18க்குப் போக இது ஒன்றே போதுமான காரணம் என்பேன். அதுவரை 17இலோ அதற்கு முன்போ இருக்கிறவர்கள், அனலைஸ் ஓட்டுகிற செஷனில், இடையிடையே நிறுத்தி ஓட வைக்கிற வேக்கம் காஸ்ட் டிலேயை 2 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். கையால் ஓட்டும்போது அது இயல்பாகப் பூஜ்யம், அதாவது வட்டை மூச்சுவிடாமல் படிக்கும். சில நெடுவரிசைகளை மட்டும் குறிப்பிட்டு ஓட்டுவதால் படிக்கிற பக்கங்கள் குறையாது, கணக்கிடுகிற வேலைதான் குறையும்.

பூட்டு பற்றி ஒரு விஷயம். தாய்க்கு அனலைஸ் ஓடும்போது அது எடுக்கிற பூட்டு படிப்பதையும் எழுதுவதையும் தடுக்காது, ஆனால் அதே டேபிளில் அட்டாச் பார்ட்டிஷன் எடுக்கிற பூட்டோடு மோதும். கட்டளையைத் தனியாக ஓட்டினால் ஒவ்வொரு டேபிளுக்கும் தனி டிரான்சாக்ஷன், அந்தந்த டேபிள் முடிந்ததும் பூட்டு விடுபடும். பிகின் போட்டு டிரான்சாக்ஷனுக்குள் ஓட்டினாலோ ஃபங்ஷனுக்குள் வைத்து அழைத்தாலோ கடைசிப் பார்ட்டிஷன் முடியும்வரை எல்லாப் பூட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே சொன்ன 10 சதவீதக் கணக்கை ஃபங்ஷனாக எழுதலாம், அனலைஸை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரியின் அளவு சில நெடுவரிசைகளுக்குப் போதாது. நூறு கோடி வரிசையிலிருந்து 30,000 எடுத்து வேறுபட்ட மதிப்புகளை ஊகித்தால், ஆர்டர் எண் போன்ற நெடுவரிசையில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே வரும். டார்கெட்டை ஏற்றலாம், 10,000 வரை போகும், மாதிரி 30 லட்சம் வரிசையாகும், செலவும் அதே அளவுக்கு ஏறும். அதைவிட மலிவான வழி, எண்ணிக்கையை நாமே சொல்லிவிடுவது. இதற்கு என்_டிஸ்டிங்க்ட், என்_டிஸ்டிங்க்ட்_இன்ஹெரிட்டட் என்று இரண்டு அமைப்புகள் உண்டு, தாய்க்கு வேலை செய்வது இரண்டாவது. முதலாவதைத் தாயில் வைத்துவிட்டு ஏன் ஒன்றும் மாறவில்லை என்று திகைக்க வேண்டாம். ஒரு மதிப்பு சராசரியாகப் பத்து முறை வருகிறது என்று தெரிந்தால் மைனஸ் 0.1 என்று கொடுங்கள், டேபிள் வளர்ந்தாலும் விகிதம் கூடவே வளரும். அடுத்த அனலைஸ் ஓடிய பிறகுதான் இது நடைமுறைக்கு வரும்.

பதிப்பு மாற்றும்போது

கடைசியாக, இதே பிரச்சினை திடீரென்று எல்லோருக்கும் ஒரே நாளில் தெரியவருகிற ஒரு சந்தர்ப்பம் உண்டு: பிஜி_அப்கிரேட் வைத்துப் பெரிய பதிப்பு மாற்றுகிற நாள். 17 வரை அந்தக் கருவி பிளானர் புள்ளிவிவரங்களைப் புதிய பதிப்புக்கு எடுத்துப்போவதில்லை, எல்லாம் பூஜ்யத்திலிருந்து. அதற்காக, டேட்டாபேஸ் முழுக்க அனலைஸ் ஓட்ட உதவுகிற வேக்கம்டிபி கருவியை அனலைஸ் மட்டும், கட்டம் கட்டமாக என்ற தெரிவோடு எல்லோரும் ஓட்டுகிறோம். 17 வரை அந்தக் கருவி, டேபிள் பெயர் எதுவும் கொடுக்காமல் ஓட்டினால், சாதாரண டேபிள்களையும் மெட்டீரியலைஸ்டு வியூக்களையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பார்ட்டிஷன்கள் வந்துவிடும், தாய் வராது. ஆக யாரோ ஒருவர் எப்போதோ கையால் ஓட்டி வைத்திருந்த தாயின் புள்ளிவிவரமும் அன்றோடு போய்விடும். மறுநாள் காலையில் அறிக்கைகள் எல்லாம் ஊர்ந்தால், புதிய பதிப்பின் பிளானர் மோசம் என்ற பேச்சு கிளம்பும்.

எஸ்கியூஎல்லுக்குள்ளே போய் அனலைஸ் என்று பெயர் எதுவும் இல்லாமல் ஓட்டினால் அது தாய்களையும் எடுத்துக்கொள்ளும். அல்லது ரெல்கைண்ட் பி என்று இருக்கிற, அதாவது பார்ட்டிஷன் செய்த டேபிள்களின் பட்டியலை பிஜி_கிளாஸிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஓட்டலாம். 18க்கு மாறும்போது நிலைமை மேம்பட்டிருக்கிறது, பிஜி_அப்கிரேட் புள்ளிவிவரங்களைக் கூடவே எடுத்துவருகிறது, பல நெடுவரிசைகளைச் சேர்த்து எடுக்கிற எக்ஸ்டெண்டட் புள்ளிவிவரங்கள் மட்டும் வராது. ஆனால் பழைய சர்வரில் தாய்க்கு ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால் புதியதிலும் ஒன்றும் இருக்காது. மாறுவதற்கு முன்பு ஒரு முறையும் மாறிய பிறகு ஒரு முறையும் பிஜி_ஸ்டாட்ஸில் அந்த இன்ஹெரிட்டட் வரிசைகளைத் தேடிப் பாருங்கள். படிக்க மட்டுமே பயன்படுகிற நகல் சர்வரான ரீட் ரெப்ளிகாவில் அனலைஸ் ஓடாது, அதனால் ஓட்டுவதை மூல சர்வரான பிரைமரியில் ஓட்டுங்கள், புள்ளிவிவரம் அங்கிருந்து ரெப்ளிகாவுக்குத் தானாகப் போய்ச் சேரும்.